பாட்டியின் தையல் மெஷினை இரும்புக்குப் போடலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, 2 ஜூன் 2024

"வீட்டில் பாட்டியின் பழைய கால்மிதி மெஷின் கிடக்கிறது. சக்கரம் சுற்றவில்லை. பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். பரம்பரைச் சொத்து, கொடுக்காதே என்று சித்தி தடுக்கிறார். எனக்கு இது புரியவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் கடையில் கொடுத்துத் தைக்கக் காசில்லாமல்தான் வீட்டில் தைத்தார்கள். வறுமைக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்துக் கொண்டாட வேண்டுமா?"

3 ஜூன் 2024, இரவு 9.20

போடக் கூடாது. வறுமை என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு சிங்கர் இருக்கிறது. ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே, பனங்காட்டை ஒட்டிய கிராமம். பாட்டிக்கு 1947இல் கல்யாணம். மெஷின் சீதனமாக வந்தது. பாட்டி, அம்மா, நான் என மூன்று பேர் அதன் முன்னால் உட்கார்ந்து முதுகு வலிக்கத் தைத்திருக்கிறோம். இதில் வறுமை எங்கே வந்தது? கல்யாணப் பெண்ணுக்கு மெஷின் கொடுத்து அனுப்பும் அளவுக்குத் தையலை மதித்த குடும்பம் எங்களுடையது.

பாட்டி ஐந்தாம் வகுப்பு. இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பார்த்ததில்லை. சாணால் அளப்பார், விரலால் அளப்பார். வாசலில் வந்து நிற்கும் பெண்ணை ஒரு முறை திரும்பச் சொல்லிப் பார்த்தார் என்றால் கைக்குழி எவ்வளவு, கழுத்து இறக்கம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிடும். துணிக் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. நான் பத்து வயதில் அப்படி ஒரு காலண்டர் தாளை வெட்டிவிட்டு மாமா வீட்டுக்கு ஓடியிருக்கிறேன்.

3 ஜூன், இரவு 11.05

கோபத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். சக்கரம் சுற்றவில்லை என்கிறீர்களே, யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். நம் வீடுகளில் மெஷின் கெட்டுப்போவதற்கு இதுதான் பெரிய காரணம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். எண்ணெய் விடும் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மெல்ல அசைத்துப் பாருங்கள். அடி நூல் சுற்றிய பாபின் இருக்கும் பக்கத்துத் தகட்டை நகர்த்தி உள்ளே அடைந்திருக்கும் நூல் பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுங்கள். அழுக்கு கரைந்து வெளியே வந்தபின் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும்.

5 ஜூன், மாலை 6.30

வறுமையைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பட்டுப்பாவாடையைச் சொல்கிறேன்.

எனக்கு ஐந்து வயதில் கிறிஸ்துமஸுக்குப் பாட்டி தைத்தது. கத்தரிப்பூ நிறம். கீழ்க்கரைக்கு மேலே துணியை மடித்துத் தைத்து மூன்று டக் பிடித்திருந்தார். ஒவ்வொரு டக்கும் ஓர் அங்குலம். ஓர் அங்குல டக் இரண்டு அங்குலத் துணியை உள்ளே வைத்திருக்கும்; பிரித்தால் பாவாடை இரண்டு அங்குலம் இறங்கும். ஆக, அந்தப் பாவாடைக்குள் ஆறு அங்குலம் ஒளிந்திருந்தது. டிசம்பர் மாதம் பிறந்ததும் பாட்டி என்னைச் சுவரோரமாக நிறுத்திப் பார்ப்பார். கணுக்கால் வெளியே தெரிந்தால் ஒரு டக் பிரிபடும். பிரித்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். வெயில் படாத துணி என்பதால் அந்தக் கோடு மட்டும் புத்தம் புதிதாக, அடர் நிறத்தில் இருக்கும். மரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையம் தெரிகிறதே, அதைப் போல எனக்கு எத்தனை வயது என்பதை அந்தப் பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வளர்கிற பிள்ளைக்கு அளந்து தைக்காதே, கூட்டித் தை என்பார். கடையில் வாங்கும் ஆயத்த ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து, தையலை ஒட்டி வெட்டியிருப்பார்கள். கால் அங்குலம் இருந்தால் அதிகம். உடுத்துகிறவர் அப்படியேதான் இருப்பார், மாறவே மாட்டார் என்று நினைத்துத் தைத்த துணி அது. எனக்கு அது பொறுக்கவில்லை.

6 ஜூன், காலை 7.15

டக் வைப்பதும் சிக்கனம்தானே, சிக்கனமும் வறுமைதானே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரி, எங்கள் மாவட்டத்தில் தைத்த துணிக்கு என்ன பொருள் என்பதைச் சொல்கிறேன். பிறகு பேசலாம்.

திருவிதாங்கூர் ஆட்சியில் எங்கள் முன்னோர் வீட்டுப் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடையாது. மிஷனரிகளின் மனைவியர் ஒரு தளர்வான சட்டையை வடிவமைத்துத் தந்தார்கள். குப்பாயம் என்பது அதன் பெயர். அதைப் போட்டதற்காக உயர்சாதியார் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். கிழித்ததை எங்கள் பெண்கள் மறுபடி தைத்துப் போட்டார்கள். அடியும் தீவைப்பும் நடந்தன. பல பத்தாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று, மேலாடை அணியலாம் என்று மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு முட்டுக்கட்டை. எங்கள் பக்கத்தில் ஒரு ஜாக்கெட் தைப்பது வெறும் தையல் வேலையாக இருந்ததில்லை.

இன்னொன்று ரேந்தை. லேஸுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அதுதான். ஜன்னல், சாவி போலப் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கான பள்ளியில் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். உருட்டிய தலையணையின் மேல் மாதிரித் தாளைப் பொருத்தி, குண்டூசிகளைக் குத்தி, சின்னச் சின்ன மரக்குச்சிகளில் சுற்றிய நூலை இடம்மாற்றி இடம்மாற்றிப் பின்னுவது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள்.

அந்த மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். தேரி எனும் செம்மணல் காட்டில் இருந்த அந்த ஊர்ப் பெண்களுக்கு எலைசா ரேந்தை கற்றுக்கொடுத்தார். தாயிடமிருந்து மகளுக்கு, நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்கு. கால்டுவெல்லின் இலக்கணத்தைப் பற்றி நூறு கூட்டம் நடத்துகிறோம். எலைசாவின் கைவேலையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

6 ஜூன், காலை 7.40

மேலே எழுதியதில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். எங்கள் பாட்டிக்கு ரேந்தை பின்னத் தெரியாது. அவருடைய அம்மாவுக்குத் தெரியும். பாட்டிக்கு மெஷின் வேலை மட்டும்தான்.

9 ஜூன், இரவு 10.10

ஒரு திருத்தம், பெரிய திருத்தம்.

உங்கள் மெஷினுக்கு எத்தனை வயது என்று கண்டுபிடிக்க வழி சொல்லலாம் என்று நினைத்து, முதலில் எங்களுடையதைப் பார்த்தேன். சிங்கர் மெஷினின் அடித்தட்டில் வலது பக்கம் ஓர் எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள் எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்பதைக் காட்டிக்கொடுக்கும். எங்களுடையது ஈ.கே. என்று தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. 1885இல் தொடங்கி 1980இல் மூடப்பட்ட தொழிற்சாலை. அங்கே ஈ.கே. வரிசை ஓடியது 1950களின் நடுப்பகுதியில்.

1947 கல்யாணத்துக்கு இந்த மெஷின் சீதனமாக வந்திருக்கவே முடியாது. மெஷினில் உள்ள பித்தளைத் தகட்டை இத்தனை வருடம் துடைத்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்ததில்லை.

10 ஜூன், பிற்பகல் 3.00

பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு 75 வயது. "சீதனமா? யார் சொன்னது?" என்று கேட்டார். பாட்டிதான் சொன்னார், எங்கள் எல்லோரிடமும் சொன்னார்.

பெரியம்மா சொன்ன கதை இது. தாத்தா பனையேறி. 1961இல் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அதன்பிறகு மரம் ஏறவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். கொழும்பிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் ஊரில் இருந்தது. அவர்களிடமிருந்த மெஷினைப் பாட்டி தவணை பேசி வாங்கினார். ஒன்பது மாதம். தைக்கத் தெரியாமல் வாங்கினார். அந்த வீட்டு அம்மாவிடமே மாலையில் போய்க் கற்றுக்கொண்டார். பெரியம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மெஷின் தலையைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்தது அவருக்கு நினைவிருக்கிறது. சம்பாத்தியம் போய்விட்டது என்று தாத்தா குன்றிப்போகக் கூடாது என்பதற்காகச் சீதனம் என்று ஊருக்குச் சொன்னாராம். சொல்லிச் சொல்லி அதுவே வரலாறாகிவிட்டது.

ஆகவே, கேள்வி கேட்ட நண்பரே, வறுமைதான். நீங்கள் சொன்னது சரி. முதல் பதிவில் நான் எழுதியது தவறு.

10 ஜூன், இரவு 9.45

இரண்டு விஷயம் மனத்தில் ஓடுகிறது.

1924இல் இயந்திரங்களைப் பற்றிய ஓர் உரையாடலில் காந்தி, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் களைத்துப்போவதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது காந்தி சொன்ன காரணம். அழகான கதை. ஆனால் நடந்தது வேறு. எலியாஸ் ஹோவ் 1846இலேயே, மேல் நூலும் அடி நூலும் பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சிங்கர் பாஸ்டன் பட்டறை ஒன்றில், சரியாக ஓடாத ஒரு தையல் இயந்திரத்தைப் பார்த்து, அதை மேம்படுத்தி 1851இல் காப்புரிமை பெற்றார். பிழைப்புக்காகச் செய்த வேலை.

எங்கள் வீட்டுக் கதையும் அதே அச்சில் வார்த்தது. ஓர் ஆண் அன்போடு கொடுத்தான், பெண் வாங்கிக்கொண்டாள் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. அவளே ஒன்பது மாதம் காசு கட்டினாள் என்றால் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. நான் சொல்லப்போகிறேன்.

இரண்டாவது: விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தமிழக அரசு இலவசமாகக் கொடுப்பது தையல் மெஷின். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அந்தத் திட்டம் இருக்கிறது. ஒரு குடும்பம் சாய்கிறபோது முட்டுக் கொடுக்கிற பொருள் இது என்று அரசுக்கும் தெரிந்திருக்கிறது. பாட்டிக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை.

16 ஜூன், இரவு 8.30

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி கற்றுக்கொடுத்தபோது உங்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று பேச்சை ஆரம்பித்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்குத் தையல் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது" என்றார். பன்னிரண்டு வயதில் பள்ளி விட்டு வந்ததும் காஜா, அதாவது பித்தான் துளை, எடுக்கச் சொல்வார்களாம். பிறகு கொக்கி, பிறகு ஹெம்மிங். விளையாடப் போனதே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளில் இரண்டு மணி வரை விளக்கெரியும். ஊரார் துணி எல்லாம் தைத்து முடித்தபின் கடைசியாகத்தான் தன் துணி. இரண்டு வருடம், அம்மாவின் பாவாடை ஹெம்மிங் அடிக்காமலேயே கோயிலுக்குப் போனதாம். எனக்குத் தையல் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று பாட்டியிடம் சண்டை போட்டதும் அம்மாதான். எனக்கு அது தெரியவே தெரியாது.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை நாள் மூன்று தலைமுறை, மூன்று தலைமுறை என்று எழுதிக்கொண்டிருந்தேனே, நடுவில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டேனா?

சாப்பிட்ட பிறகு மெஷின் இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். உள்ளே பழைய பாபின்கள், உடைந்த ஊசிகள் போட்ட ஒரு பவுடர் டப்பா, துணிச் சாக்குக்கட்டி, கூடவே ஒரு முடிச்சு. அவிழ்த்தால் நாடாத் துண்டுகள். இருபது இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. பாட்டியின் அளவுப் புத்தகம் அது. அளவு ஜாக்கெட் கொடுக்க ஒரு நல்ல ஜாக்கெட்கூட மிச்சமில்லாத வீடுகளுக்கு நாடாவில் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வாராம்.

யாருடையது எது என்று இனி யாருக்குத் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு நாடாவை எடுத்தார். கண்ணில் புரை, படிக்க முடியாது. விரலால் தடவிக்கொண்டே போனார். "இது மார்புச் சுற்று. இது கைநீளம். இது உயரம். கழுத்து இறக்கம் இவ்வளவு மேலே வைத்துக்கொள்கிறவள் கிணற்றடி வீட்டுக்காரி ஒருத்திதான்" என்றார். அடுத்த நாடா, அதற்கடுத்த நாடா. பதினொன்றைச் சொன்னார். பிடிக்காது என்று சொன்ன அதே வாயால் சொன்னார்.

இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பாரம்பரியம் என்ற சொல்லை நான் இப்போது அவசரப்பட்டு எழுத மாட்டேன்.

17 ஜூன், காலை 6.50

பெண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் சொன்ன குறை நியாயமானது. அம்மாவின் தம்பி, என் மாமா, நாகர்கோவிலில் ஒரு தையற்கடையில் காஜா பையனாகச் சேர்ந்தவர். புதிதாக வருகிற பையன் காஜா எடுப்பான், பித்தான் தைப்பான், தேநீர் வாங்கி வருவான். வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் போக இரண்டு வருடம் ஆகும். வெட்டு மாஸ்டர் வாயைத் திறந்து சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துத்தான் கற்க வேண்டும். மாமா பிறகு வளைகுடாவுக்குப் போய் இருபது வருடம் தைத்தார். தன் மகனை மெஷின் பக்கமே விடவில்லை. அவரும் அம்மாவைப் போலத்தான், இப்போது யோசித்தால்.

23 ஜூன், மாலை 5.20

மண்ணெண்ணெய் வேலை செய்தது, சக்கரம் சுற்றுகிறது, ஆனால் அடியில் நூல் சிக்குகிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி! அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைக் குடைவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேல் நூலை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கோத்துவிடுங்கள். நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்கார வேண்டும். தைக்கும்போது பாதத்தை இறக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஊசி பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பருத்திக்கு 14, பட்டுக்கு 11.

முதலில் ஜாக்கெட்டில் கைவைக்காதீர்கள். தலையணை உறை தையுங்கள். ஜாக்கெட்டுக்கு வரும்போது, லைனிங் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே வெட்ட வேண்டும். நான் ஊறவைக்காமல் தைத்த ஒரு ஜாக்கெட், முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி முழுவதும் சுருக்கம் விழுந்துவிட்டது. அது அத்தை மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்தது. துணி அவளுடையது. இருபத்தைந்து வருடமாகியும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

7 ஜூலை, இரவு 10.30

என் மகள் பெங்களூருவில் வேலை செய்கிறாள். அவளுக்கு நான் தையல் கற்றுக்கொடுக்கவில்லை; அவளும் கேட்டதில்லை. தோழியின் கல்யாணத்துக்கு அம்மாவின் கல்யாணப் புடவையைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். அதோடு அந்த ஜாக்கெட்டும் போயிருக்கிறது. 1974இல் பாட்டி தைத்தது. இன்று மாலை போன் செய்தாள்: கொக்கி எட்டவில்லை, கடையில் கொடுத்தால் நாளைக்குள் கிடைக்காது, என்ன செய்வது?

ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி, அக்குளுக்குக் கீழே பக்கத் தையலைக் காட்டச் சொன்னேன். வீடியோவில் காட்டினாள். ஒன்றரை அங்குலத் துணி உள்ளே விட்டிருந்தது. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, அரை அங்குல இடைவெளியில் மூன்று வரிசைத் தையல். ஐம்பது வருடத்துக்கு முன் அடித்த நூல், நேர்கோடு பிசகவில்லை.

பிளேடு வேண்டாம், சின்னக் கத்தரியின் நுனியால் நான்கு தையலுக்கு ஒன்று வெட்டிவிட்டு மறுபக்கத்து நூலை இழு, வந்துவிடும் என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரப்படாதே, துணி பழையது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் பிரிக்க முக்கால் மணி நேரம். போட்டுப் பார்த்தாள். கொக்கி மாட்டியது. பக்கவாட்டில் அந்த அடர்நிறக் கோடு. புடவைத் தலைப்பு மறைத்துவிடும்.

கழற்றிவிட்டு மறுபடி உள்ளே பார்த்தாள். "இன்னும் இரண்டு வரிசை இருக்கிறதே, அவற்றையும் பிரித்துவிடவா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கி, "வேண்டாம், அது இருக்கட்டும்" என்றார்.